மாத்திரையை நிறுத்தினால்தான் டெஸ்ட்... தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஒரு மாதம்!

கழுத்துத் தழும்பு ஆறிவிட்டது. ரேடியோ அயோடின் சிகிச்சையும் முடிந்தது. இனி தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை, ஆயுள் முழுக்க. அப்படிப் பழகியவரிடம் 'மூணு, நாலு வாரம் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க' என்று டாக்டர் சொன்னால் குழப்பம் வரத்தான் செய்யும். திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போகிறவரானாலும் சரி, வேலூர் சி.எம்.சி-க்குப் போகிறவரானாலும் சரி.

விஷயம் இதுதான். தைரோகுளோபுலின் என்ற புரதத்தை உருவாக்குவது தைராய்டு செல்கள் மட்டுமே. சுரப்பியையே எடுத்த பிறகும் அது ரத்தத்தில் இருந்தால், எங்கோ சில செல்கள் மிச்சம். அவை சாதாரண செல்களாகவும் இருக்கலாம், புற்றுநோய் செல்களாகவும் இருக்கலாம். ஆனால், மாத்திரை சாப்பிடும்வரை அவை தூங்கிக்கொண்டிருக்கும். தட்டி எழுப்புவது பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டி.எஸ்.ஹெச். ஹார்மோன். மாத்திரையை நிறுத்தி, டி.எஸ்.ஹெச். 30-ஐத் தாண்டியதும் ரத்தம் எடுத்தால் ஒளிந்திருப்பது வெளியே வரும். உடலில் உள்ள தைராக்ஸின் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும் என்பதால்தான் இத்தனை வாரக் காத்திருப்பு.

அந்த வாரங்கள் லேசானவை அல்ல. அசதி, குளிர், மலச்சிக்கல், முகவீக்கம், மறதி, காரணமில்லாத அழுகை எல்லாம் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் 'சோம்பேறித்தனம்' என்று நினைத்துவிடக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர் எல்லாம் லீவு பற்றி முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. இதய நோய் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. ஆய்வகத்தில் தயாரித்த டி.எஸ்.ஹெச். ஊசி, 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்தடுத்த 2 நாள்களில் 0.9 மில்லிகிராம் வீதம் போட்டு, அதற்குப் பிறகு 3-வது நாள் ரத்தம் எடுப்பார்கள். மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். விலைதான் இடிக்கும்! முன்பெல்லாம் மாட்டிலிருந்து எடுத்த டி.எஸ்.ஹெச். போட்டார்கள், பலருக்கு அலர்ஜி வந்ததால் கைவிடப்பட்டது.

ரேடியோ அயோடின் ஸ்கேனும் சேர்ந்து இருந்தால், ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு. மீன், முட்டை மஞ்சள் கரு, பால், தயிர், கடை ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றுக்கும் லீவு. கல் உப்பு என்றாலே அயோடின் இல்லை என்று நம்ப வேண்டாம், பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். வெறும் ரத்தப் பரிசோதனைக்கு இந்தப் பத்தியம் தேவையில்லை.

ரிப்போர்ட்டில் தைரோகுளோபுலின் குறைவாக இருந்ததும் நிம்மதியாகிவிடாமல், பக்கத்தில் 'ஆன்டிபாடி' அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அதிகமாக இருந்தால் புரத அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுப்பதும் முக்கியம்.

இப்போது மிக நுட்பமான ரத்தப் பரிசோதனைகள் வந்துவிட்டதால், ஆபத்து குறைந்த பலருக்கு ஹார்மோனைத் தூண்ட வேண்டிய அவசியமே இல்லை. கழுத்து ஸ்கேனும் மாத்திரையோடு எடுக்கும் ரத்தப் பரிசோதனையுமே போதும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த முறை ஃபைலோடு போகும்போது, 'நிறுத்தாமலே பார்க்க முடியுமா டாக்டர்?' என்று கேட்டுவிடுங்கள்.