பத்து நிமிடச் சிகிச்சையும் முழு மயக்கமும்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் உங்களுக்கு வாந்தி வருமா? மயக்க ஊசி போட்டுக்கொள்ளப்போகும் நீலகிரிப் பெண்ணிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. மயக்கம் தெளிந்தபின் குமட்டலும் வாந்தியும் யாருக்கு வரும் என்று கணிக்க, ஜெர்மானிய மருத்துவர் ஆப்ஃபெல் 1999-ல் ஓர் எளிய கணக்கை வெளியிட்டார். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதிருப்பது, பயணத்தில் வாந்தியெடுக்கும் உடம்பு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் எத்தனையோ பெண்கள் இந்தக் கணக்குக்குள் வருவார்கள். முன்பே தெரிந்தால் அதற்கேற்ப மருந்து கொடுக்கலாம். கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் எங்கே தொலைகிறது என்பதுதான் என் கவலை. நாற்பதைத் தாண்டிய ஒருத்திக்கு மாதவிடாயில் உதிரப்போக்கு நிற்கவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருக்கிறது, அல்லது சின்னதாக ஒரு பாலிப் தெரிகிறது. “டி அண்ட் சி பண்ணிப் பார்த்துடலாம்மா. பத்து நிமிஷ வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்” என்கிறார் டாக்டர். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கர்ப்பப்பையின் உட்சுவரைச் சுரண்டி எடுத்த திசுவைப் பரிசோதித்தால் புற்றுநோயைக்கூட ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். தள்ளிப்போடக் கூடாத சிகிச்சைதான். ஆனால் பத்து நிமிடம் என்பது கர்ப்பப்பைக்கான கணக்கு; மூச்சுக்கும் இதயத்துக்கும் அது பொருந்தாது. குளோரோஃபார்ம் மயக்கத்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் 1848-ல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. ஹன்னா கிரீனர் என்ற அந்த 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்கத்தான் குளோரோஃபார்ம் கொடுத்திருந்தார்கள். இன்று மயக்க மருத்துவம் எவ்வளவோ பாதுகாப்பானது. அந்தப் பாதுகாப்பில் நல்ல மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் உள்ள அதே பங்கு, நோயாளியை முன்கூட்டியே உட்காரவைத்து விசாரிக்கும் பழக்கத்துக்கும் உண்டு.

பிரசவத்தை விழிப்போடு கடந்தவளுக்கு முழு மயக்கம் என்பது பல சமயம் இதுவே முதல் தடவை. அவள் பயப்படுவது வலிக்கு அல்ல. எழுந்திருக்காமல் போய்விடுவேனோ, பாதியில் முழித்துவிடுவேனோ, நினைவில்லாத உடம்பை யார் யார் பார்ப்பார்களோ என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. தியேட்டர் வாசலில் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். மின்சாரத்தால் தசையைக் கரிக்கும் கருவியைப் பயன்படுத்த நேர்ந்தால் உலோகம் பட்ட இடம் சுட்டுவிடக்கூடும் என்று காரணத்தைச் சொன்னால், அவளே கழற்றி மாமியார் கையில் கொடுப்பாள். நகப்பூச்சை அழிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. விரலில் மாட்டும் கிளிப், ஒளியைப் பாய்ச்சித்தான் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறது. ஊட்டிக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலும் அது சரியாகக் காட்டாமல் போகலாம். கையைச் சூடேற்ற வேண்டியிருக்கும். பிறகு, பால்போல வெள்ளையான புரோப்போஃபால் ஊசிவழி இறங்கும்போது மணிக்கட்டுக்கு மேலே சுர்ரென்று எரியும். ‘எரியும், பயப்படாதே’ என்று ஒரு வார்த்தை முன்பே கேட்டவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். கேட்காதவள் ஏதோ தப்பு நடக்கிறது என்ற எண்ணத்தோடு நினைவிழப்பாள். பாதியில் முழிப்பதைப் பற்றியும் பேசலாம். பிரிட்டனில் 2014-ல் வெளியான நாடு தழுவிய தணிக்கையில், சுமார் 19,000 பொது மயக்கங்களுக்கு ஒன்றில்தான் அப்படிப் புகார் வந்திருந்தது. கொழுந்து பறிப்பவளுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று நினைத்து விட்டுவிடுவது அவளை அவமதிப்பது.

அடுத்தது டீ. “காலையில எதுவும் சாப்பிடலையே” என்று மனமறிந்து உண்மையைத்தான் சொல்வாள். ஐந்து மணிக்குக் குடித்த பால் டீயைச் சாப்பாட்டில் சேர்க்க அவளுக்குத் தோன்றாது. மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பால் கலந்த எதற்கும் 6 மணி நேர இடைவெளி வேண்டும். பால் சேர்க்காத கட்டன் சாயாவையும் தண்ணீரையும் 2 மணி நேரம் முன்புவரை பொதுவாக அனுமதிக்கிறார்கள். ‘வெறும் வயிற்றோடு வா’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியனுப்பினால் ஒருத்தி பால் டீ குடித்துவிட்டு வருவாள். இன்னொருத்தி முந்தின ராத்திரியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லாமல் நடுப்பகல்வரை காத்துக் கிடப்பாள்.

நீலகிரியில் அந்தத் தண்ணீருக்குத் தனிக் கனம் உண்டு. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மலையின் மக்களிடம்தான் அரிவாள் செல் ரத்தக் கூறு தென்னிந்தியாவில் இருப்பதைக் கண்டறிந்தார்கள். உடம்பில் நீர் வற்றினாலோ, குளிர் ஏறினாலோ, ஆக்சிஜன் குறைந்தாலோ அரிவாள் செல் நோய் உள்ளவரின் சிவப்பணுக்கள் வளைந்து ரத்த ஓட்டத்தை அடைத்துக்கொள்ளும். பட்டினியும் தியேட்டர் குளிரும் மயக்கமும் ஒரே காலைப்பொழுதில் சேர்வதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒற்றை மரபணுவை மட்டும் சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லையில்லை. நோய் இருப்பது முன்பே தெரிந்தால் அதற்கேற்ற ஏற்பாடுகளோடு மயக்கம் கொடுக்கலாம். கூடலூரில் பழங்குடியினர் மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பும் கோத்தகிரியின் நாவா அமைப்பும் பல ஆண்டுகளாக இந்நோய்க்காக உழைத்துவருகின்றன. 2023 ஜூலையில் ஒன்றிய அரசும் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. ஆகவே பனியர், இருளர், குறும்பர் வீட்டுப் பெண் பதிவுச் சீட்டோடு வந்து நின்றால், அரிவாள் செல் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்காமல் தியேட்டர் தேதி குறிக்கக் கூடாது. மாதக்கணக்கில் ரத்தம் இழந்து வெளிறிப்போன எஸ்டேட் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதும் அப்படித்தான்.

சம்மதக் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1995-ல் டெல்லியில், நீடித்த உதிரப்போக்குக்காகச் சென்ற 44 வயது சமீரா கோலி, லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காகப் பொது மயக்கத்துக்கு உட்பட்டார். அவர் மயங்கியிருந்தபோதே தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது பரிசோதனைக்குத் தந்த சம்மதம் வேறு அறுவைக்குத் தந்த சம்மதமாகாது, வயது வந்த பெண்ணுக்காக இன்னொருவர் சம்மதிக்கவும் முடியாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் “வீட்டுக்காரர் வந்திருக்காரா?” என்பதே முதல் கேள்வியாக இருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டியது மருத்துவமனைதான்.

சிகிச்சை முடிந்தபின் 24 மணி நேரம் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது என்பது பொது விதி. ஆனால் எஸ்டேட் லயன் வீட்டில் இருப்பவளுக்கு மறுநாள் வேலைக்குப் பேர் போடாவிட்டால் கூலி இல்லை. கருச்சிதைவு என்றால் 1961 பேறுகால நலச் சட்டம் சம்பளத்தோடு 6 வாரம் தந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு 2 வாரம். அந்தச் சட்டத்தை உள்வாங்கிய 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே கணக்குதான். பாலிப் எடுத்தவளுக்கும், நிற்காத போக்குக்காகச் சுத்தம் செய்துகொண்டவளுக்கும் அப்படித் தனியாக எதுவும் இல்லை. 1971-ல் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி, நீலகிரியின் சில எஸ்டேட்களில் கர்ப்பமாகாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளி பெயரில் 5 ரூபாய் போட்டுவைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை பெறுவதையும் பெறாமலிருப்பதையும் அத்தனை நுணுக்கமாகக் கணக்கில் எடுத்த இந்த மலையில், அதே கர்ப்பப்பைக்கு வரும் நோய் யார் கணக்கிலும் வரவில்லை.

2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. பந்தலூரிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் வருபவளைச் சாயங்காலமே பஸ் ஏற்றிவிடாமல் ஓர் இரவு தங்கவைக்க அங்கே இடமுண்டு. மயக்க மருத்துவரை ஒரு வாரம் முன்பே சந்திக்கவைத்தால் ரத்தப் பரிசோதனைக்கும் அவகாசம் கிடைக்கும். தேயிலைத் தொழிலாளர் ஊதிய ஒப்பந்தம் அடுத்த முறை பேசப்படும்போது தொழிற்சங்கங்கள் இதையும் எழுதிக் கேட்கட்டும்: மயக்கத்தின் கீழ் நடக்கும் எந்தக் கர்ப்பப்பைச் சிகிச்சைக்கும் ஒரு வாரம் கூலியோடு விடுப்பு, நிரந்தரத் தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் ஒன்றுபோல.