பாதை பூட்டியிருந்த காலத்துச் செவிகள்

1791இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் கார்லோ மொண்டினி என்ற மருத்துவர், பிறவியிலேயே காது கேளாதிருந்து இறந்துபோன எட்டு வயதுச் சிறுவனின் உட்காதை அறுத்துப் பார்த்தார். இரண்டரைச் சுற்று இருக்கவேண்டிய நத்தைச்சுருள் ஒன்றரைச் சுற்றோடு நின்றிருந்தது. 1971இல் சீ.ரீ. ஸ்கான் வந்த பிறகுதான் உயிரோடிருக்கும் பிள்ளையிடம் இதைத் தெளிவாகக் காண வழி பிறந்தது. பின்னர் எம்.ஆர்.ஐ. செவி நரம்பையும் காட்டியது. 1990இல் அமெரிக்கா, பிள்ளைகளின் நத்தைச்சுருளுக்குள் கருவி பொருத்த அனுமதித்தது.

அதே 1990இல்தான், போருக்கு நடுவில், இலங்கையின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. தடைப்பட்டியலில் பற்றரியும் இருந்தது. றேடியோவுக்கே பற்றரி இல்லாத ஊரில் காதுக்கருவிக்கு எங்கே போவது? காது கேளாத பிள்ளைகளுக்கென 1956 முதல் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வன்னியிலிருந்து அங்கு போகக் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் தாண்டவேண்டும். 2006இல், அங்கு போகும் ஏ9 பாதை மறுபடி பூட்டப்பட்டது. பங்கருக்குள் வளர்ந்த பிள்ளை கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், "செல் சத்தத்தில காது அடைச்சுப்போச்சு" என்று சொல்லிவிட முடிந்தது. சில வேளை அது உண்மையும்கூட. பிறவிக் குறையோ அந்தச் சத்தத்துக்குள் மறைந்தது. மொழி ஊறும் முதல் ஆண்டுகளை அந்தத் தலைமுறைக்கு இனி யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஸ்கான் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உட்காதின் எலும்பில் குறை தெரிவது பிறவிக் கேளாமையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே. ஆனால் அந்த ஒரு பிள்ளைக்குப் படம்தான் வழி சொல்கிறது. உட்காதிலிருந்து போகும் சிறு எலும்புக் கால்வாய் அகன்றிருந்தால், விளையாட்டில் தலையில் படும் ஒரு அடியே மிஞ்சிய கேட்கும் திறனையும் கொண்டுபோகலாம். தாய்க்கும் ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். செவி நரம்பே இல்லையென்றால் நத்தைச்சுருள் கருவி பயன்படாது. சைகைமொழியைத் தாமதமின்றித் தொடங்கலாம்.

இன்று பாதை திறந்திருக்கிறது. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற ஆறுதல் மட்டும் இன்னும் வழிமறிக்கிறது. ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகம் ஏற்ற கணக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் எந்தப் பிரசவ விடுதியிலிருந்தும் செவிச் சோதனையின்றி ஒரு குழந்தையும் வீடு திரும்பக்கூடாது. ஸ்கான் தேவைப்படும் ஏழைக் குடும்பத்தின் பயணச் செலவையும் சுகாதாரத் திணைக்களம் ஏற்கவேண்டும். பெற்றோரே, கதவு அடிபட்டும் குழந்தை திடுக்கிடவில்லையா? உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.