படத்தில் விழாத கைகள்

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் பக்கம், குரூட் கான்ஸ்டன்ஷியா என்று ஒரு பழைய திராட்சைத் தோட்டம். 1685-ல் டச்சு அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் பெற்ற நிலம். செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கே கான்ஸ்டன்ஷியா மது கப்பலில் போயிற்று என்றால் பெருமைக்குக் கேட்பானேன்!

இன்று அங்கே கல்யாணப் படம் பிடிக்கிறார்கள். வெள்ளை மாளிகை, பின்னால் மலை, மாலை வெயில். காமிராக்காரருக்கு வேறென்ன வேண்டும்? மணமக்களைக் கொடிகளுக்கு நடுவே நடக்க விடுகிறார். "இன்னும் ஒரு தடவை!" என்கிறார். வெயில் போய்விடுமே என்ற அவசரம் அவருக்கு.

அந்த மண்ணைக் கொத்திக் கொடி வளர்த்தவர்கள் அடிமைகள். மடகாஸ்கர், மொசாம்பிக், வங்காளம், ஏன், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கேப் நாட்டுக்குக் கப்பலேற்றி விற்கப்பட்டவர்கள். 1834-ல் அடிமை முறை ஒழிந்தது என்றார்கள். அதன் பிறகும் நாலாண்டு, 'பயிற்சி' என்ற பேரில், எஜமானிடமே உழைத்தார்கள்.

இந்த வாழ்வைக் காட்டும் காட்சிசாலை அந்த மாளிகையிலேயே இருக்கிறது. நல்ல நாளில் துக்கக் கதை எதற்கு என்பது நியாயந்தான். ஆனால் அரைமணி ஓடும் படத்தில் ஐந்து விநாடி கூடவா கிடையாது? அடிமைகளின் வழிவந்த குடும்பங்கள் கேப் டவுனில் ஏராளம். மணப்பெண்ணே அப்படி ஒருத்தியாக இருக்கலாம். அவள் படத்திலாவது பாட்டி கதை விழவேண்டாமா?