குரு வந்து சுவரைப் பார்க்கட்டும்



அரையாண்டு விடுமுறை கழிந்து சனவரித் திங்களில் பள்ளிக் கதவுகள் திறக்கப்படும்போது, சில வகுப்பறைகளிலிருந்து மக்கிய வாடை ஒன்று நம்மை எதிர்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர்கள். அதன்பின் பத்து நாள் சாத்திக் கிடந்த சன்னல்கள். மூலையில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் படர்ந்திருக்கின்றன. "மழைக்காலத்து வாடைதானே, இரண்டு நாள் காற்றாடினால் போய்விடும்" என்று கூறிப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம். ஆண்டுவிழா நெருங்கினால் அதன்மேல் ஒரு கை வண்ணம் பூசிவிடுகிறோம். பங்குப் பள்ளிகளின் தாளாளர்களாகிய குருக்களும், தலைமையாசிரியைகளாகிய அருட்சகோதரிகளும், பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோரும் இத்திங்கள் இந்தப் பூசணத்தைப் பற்றிச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

சுவரின் பூசணம் ஒரு குரு எழுதத்தக்க பொருளா என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்துப் பிற்பகுதியை வாசிப்பார்களாக. வீட்டுச் சுவரில் தோன்றும் 'தொழுநோய்' பற்றி அங்கே விரிவான சட்டம் ஒன்று உண்டு. மனிதர் தோலில் காணும் நோய்க்கும், துணியிலும் சுவரிலும் காணும் கறைக்கும் எபிரேய மொழி ஒரே சொல்லை வழங்குகிறது. சுவரில் தோன்றுவதாகச் சொல்லப்படுவது ஒருவகைப் பூசணமே என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. வீட்டுக்குரியவன் குருவிடம் சென்று, தன் வீட்டில் நோய் போன்ற ஏதோ ஒன்று தென்படுவதாக அறிவிக்க வேண்டும். குரு முதலில் வீட்டிலுள்ள பொருள்களை வெளியேற்றச் சொல்லுகிறார். பின்னரே உள்ளே சென்று பார்க்கிறார். பச்சையாகவோ சிவப்பாகவோ குழி விழுந்து, சுவரின் மேற்பரப்பைவிட ஆழமாகக் கறை தெரிந்தால், வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து மீண்டும் வந்து பார்க்கிறார். பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து நகருக்கு வெளியே எறியவும், உட்புறத்தைச் சுற்றிலும் சுரண்டவும், வேறு கல் வைத்து வேறு காரை பூசவும் கட்டளையிடுகிறார். அதன் பின்னும் கறை திரும்பினால் வீட்டையே இடித்துவிட வேண்டும்.

இச்சட்டத்தில் வெள்ளையடிப்பதற்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மறைப்பது அங்கே ஒரு வழியாகவே எண்ணப்படவில்லை. அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பள்ளிகளிலும் வணிகக் கட்டடங்களிலும் பூசணத்தை அகற்றுவது பற்றி 2001ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. அதன் நடைமுறையும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் செல்கிறது: பார், அளவிடு, ஈரத்தின் காரணத்தை நீக்கு, கெட்டதை அகற்று, மீண்டும் வந்து பார். பூசணத்தின் மேல் வண்ணம் பூசினால் அது உரிந்து வரும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

பூசணம் அனைத்தும் மனிதருக்குப் பகை என்று நான் சொல்ல வரவில்லை. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டதும் ஒரு பூசணத்திலிருந்துதான். ஆயினும் அடைபட்ட அறையில் அது தூவும் நுண்ணிய வித்துகளை நாள்தோறும் ஆறு மணி நேரம் சுவாசிக்கும் குழந்தையின் நிலை வேறு. ஈரமும் பூசணமும் நிறைந்த கட்டடங்களில் இருப்போர்க்கு இருமல், இளைப்பு முதலிய மூச்சுக் கோளாறுகளும், சுவாசத் தொற்றுகளும், ஆஸ்துமாவின் தீவிரமும் மிகுதியாகின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. வீட்டில் நலமாயிருந்து, வகுப்பில் மட்டும் தும்மிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருக்கும் பிள்ளையைக் கண்டால், அவன் எந்தச் சுவரோரம் அமர்கிறான் என்று பாருங்கள்.

இனி, பார்ப்பது எவ்வாறு? முதற்கருவி மூக்கு. காலையில் பூட்டைத் திறந்தவுடன் நுகர்ந்தால் தெரிவது, அரைமணி கழித்துச் சென்றால் தெரியாது. அடுத்து, சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோக்களை ஒரு சாண் நகர்த்திப் பின்புறத்தைப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக ஒட்டப்பட்டிருக்கும் படத்தாள்களின் அடியிலும், நூலக அலமாரியின் கீழ்த்தட்டிலும், சத்துணவுப் பொருள் வைக்கும் அறையிலும் பாருங்கள். சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணமன்று. பஞ்சுபோல் தோன்றும் அது பெரும்பாலும் உவர்ப்பூ. சில துளி நீர் விட்டால் உப்பு கரைந்துவிடும், பூசணம் கரையாது. ஆனால் உவர் கண்ட இடத்திலும் ஈரம் உண்டு என்பது உறுதி. கறுப்பாயிருப்பது கொடியது, பச்சையாயிருப்பது எளியது என்று நிறம் கொண்டு தீர்ப்பிடவும் இயலாது. கண்ணுக்குத் தெரியும் பூசணத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பெயர் கண்டறிவது பெரும்பாலும் வீண் செலவே. எப்பெயருடையதாயினும் அது போகவேண்டியதுதான்.

பெயரைவிட முக்கியமானது நீர் வரும் வழி. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிப்பதில்லை. உலராத இடத்தில், எத்தனை முறை தேய்த்தாலும் அது திரும்பும். ஆதலால் கறையிலிருந்து மேல்நோக்கிச் செல்லுங்கள். மொட்டைமாடியில் வாதாம் இலையும் வேப்பஞ்சருகும் அடைத்த மழைநீர்க் குழாய். விரிசல் கண்ட தட்டோடு. இரவெல்லாம் வழியும் மேல்நிலைத் தொட்டி. அடுத்த அறையின் கழிவறைக் குழாய். வெளியே சுவரோரம் குவிந்து கிடக்கும் மண். நான் கண்டவரை, பாதி இடங்களில் நோய்க்கு மருந்து ஒரு துடைப்பமும் ஓர் ஏணியும்தான். வண்ணம் பூசுவதற்கு ஆயிரங்களைச் செலவிடும் நாம், இலையை அள்ளுவதற்கு ஓர் ஆளை மாடிக்கு அனுப்புவதில்லை! பெருவெள்ளம் வேறு வகை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களை வதைத்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அத்தகைய நீரில் ஊறிய செங்கற்சுவர் உலர வாரங்கள் பல ஆகும். அதற்குமுன் வண்ணம் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்து முத்திரையிடுவதாகும்.

துப்புரவு செய்யும் முறையில் நாம் இழைக்கும் அநீதி ஒன்றையும் இங்கே கூறியாக வேண்டும். துப்புரவுப் பணியாளரான ஓர் அம்மாவிடம் பிளீச்சிங் பவுடரும் விளக்குமாறும் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கச் சொல்லுகிறோம். சில இடங்களில் மாணவரையே ஏவுகிறோம். மாணவர் இவ்வேலையைத் தொடவே கூடாது. பணியாளருக்கு என்-95 முகக்கவசமும், கையுறையும், கண்ணுக்குக் காப்பும் வாங்கிக் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. உலர்ந்த பூசணத்தை விளக்குமாற்றால் தட்டினால் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். மின்விசிறியை நிறுத்தி, வெளிச்சன்னல்களைத் திறந்து, கறையை முதலில் ஈரமாக்கி, சோப்பு நீரால் தேய்த்துத் துடைத்து, பின்பு நன்றாக உலரவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் காரைக்குள் ஊடுருவுவதில்லை. செத்த பூசணமும் ஒவ்வாமை தரவல்லது. அதனுடன் கழிவறை ஆசிட்டைக் கலந்துவிட்டால் எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தானது. நம் வீடுகளிலும் இத்தவறு நிகழ்கிறதென்பதால் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கறையின் பரப்பு பத்துச் சதுர அடிக்குள், அதாவது ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் பள்ளியினரே இவ்வாறு செய்துகொள்ளலாம். அதற்கு மேற்பட்டால், முக்கியமாகக் கூரையின் அடிப்புறம் முழுவதும் பரவியிருந்தால், வகுப்பை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். பூசணம் ஏறிய பஞ்சு மெத்தை, அட்டைக் கூரைத்தகடு, மக்கிய புத்தகம் ஆகியவற்றைக் காப்பாற்ற முயலாதீர்கள். காரை உளுத்திருந்தால் செங்கல் தெரியுமட்டும் கொத்தி எடுத்து, உலரவிட்டு, புதிதாய்ப் பூசவேண்டும். அதன்மேல் நம் முன்னோர் அடித்த சுண்ணாம்பே போதும். அதன் காரத்தன்மை பூசணத்தை எளிதில் அண்டவிடாது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடும். பளபளக்கும் பிளாஸ்டிக் வண்ணங்களுக்கு இக்குணம் குறைவு.

இடிக்க வேண்டியவை இடிக்கப்பட வேண்டும் என்பதும் அந்த 14ஆம் அதிகாரத்தில் உள்ளதே. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். அது பூசணத்தால் நேர்ந்ததன்று. ஆயினும் அதன்பின்தான் மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்கள் ஆராயப்பட்டுப் பழுதானவை அகற்றப்பட்டன. 'நூறாண்டு கண்ட கட்டடம், அந்தக் காலத்து மிஷனரிச் சாமியார் கட்டியது' என்னும் பாசம் நம்மில் பலருக்கு உண்டு. அவர் அதனைப் பிள்ளைகளுக்காகக் கட்டினார்.

சட்டத்தின் தொடக்கத்தை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். குரு தாமாகச் சுவரைக் கண்டுபிடிப்பதில்லை. ஒருவர் வந்து சொல்லுகிறார். நம் பள்ளிகளில் சொல்லக்கூடியவர்கள் யார்? நான்காம் வகுப்பு ஆசிரியை, காலையில் அறை திறக்கும் பணியாளர், மகனின் இளைப்பைக் கண்டு வருந்தும் தாய். 'நிர்வாகத்தைக் குறை கூறுகிறார்' என்னும் பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சி இவர்கள் வாய் திறவாதிருந்தால், தாளாளரின் மேசைக்குச் செய்தி வந்து சேராது. எனவே அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த அறை, எந்தச் சுவர், எந்த நாள் என்று எவரும் எழுதலாம் என அறிவியுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அதைத் திறந்து வாசியுங்கள். பெற்றோரே, அது வாசிக்கப்படவில்லையாயின் நீங்கள் கேளுங்கள்.

வேலை முடிந்ததா என்பதைக் கொத்தனார் கணக்குத் தீர்க்கும் நாளில் அறிய இயலாது. வரும் ஐப்பசியில் முதற்பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாட்காலை, குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தாளாளர் அதே அறைக்குச் சென்று, அதே மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.