மாடர்ன் தியேட்டர்ஸ்: வளைவு மட்டும் மிஞ்சிய தமிழ்க்கூடம்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு பட்டியலும் உடன் எழுகிறது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் இரட்டை வேடப் படம் எனப் போற்றப்படும் 'உத்தம புத்திரன்' (1940), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) என்று அது நீளும். இந்தப் பெருமைகளை நாம் மறுக்கவில்லை. எனினும் தமிழ் இலக்கியம் கற்பதையும் கற்பிப்பதையும் வாழ்வாகக் கொண்டோர் அந்நிறுவனத்தை அணுக வேண்டிய வாயில் வேறொன்று உண்டு. அவ்வாயிலை நாம் இதுவரை திறந்து பார்க்கவில்லை என்பதே இக்கட்டுரையின் குறை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1931-இல் தமிழ்ப் பேசும்படம் பிறந்தபோது தமிழகத்தில் அதற்கான படப்பிடிப்புத் தளம் இல்லை. நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர் அனைவரையும் ரயிலேற்றிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அழைத்துச் சென்று படமெடுத்துத் திரும்பினர். இந்நிலையை மாற்றியோருள் ஒருவர் டி. ஆர். சுந்தரம். 1907-இல் திருச்செங்கோட்டில் நூல் வணிகக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். 1930-களின் நடுவில் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1937-இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. அதிலிருந்து பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து புறப்பட்டன. அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பான 'த ஜங்கிள்' (1952) என்னும் ஆங்கிலப் படமும் அவற்றுள் அடங்கும்.

நூற்பாலையின் ஒழுங்கைச் சுந்தரம் சினிமாவுக்குக் கொண்டுவந்தார் எனலாம். தளம், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, கழுவும் கூடம் அனைத்தும் ஒரே மதிலுக்குள் இருந்தன. நடிகருக்கும் தொழில்நுட்பக் கலைஞருக்கும் மாதச் சம்பளம். அனைவருக்கும் அவர் 'முதலாளி'. ஹாலிவுட்டில் இதே வழியை முன்னரே வகுத்தவர் கார்ல் லெம்லி. 1912-இல் யுனிவர்சல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், 1915-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே ஒரு பண்ணை நிலத்தில் 'யுனிவர்சல் சிட்டி'யைத் திறந்தார். படப்பிடிப்பைக் காண வந்தவரிடம் 25 சென்ட் கட்டணமும் வாங்கினார். சினிமாவைக் கலையென்று கருதுவதற்கு முன்பே தொழிற்சாலைப் பொருளென்று உணர்ந்தவர்கள் இவ்விருவரும்.

இங்கேதான் நாம் வியக்க வேண்டிய செய்தி உள்ளது. இலாபத்தையே அளவுகோலாகக் கொண்ட அந்தச் சேலத்து ஆலைக்குள் மூலப்பொருளாகச் சென்றது எது? கணிசமான அளவில் தமிழ் இலக்கியமே சென்றது.

1942-இல் வந்த 'மனோன்மணி'யை எடுத்துக்கொள்வோம். பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891-இல் அச்சேறியது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றைத் தழுவி, அகவல் நடையில், படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம் அது. மதுரையை விட்டு நெல்லைக்குத் தலைநகரை மாற்றும் பாண்டியன் சீவகனும், அவனை அவ்வாறு செய்யத் தூண்டிய அமைச்சன் குடிலனும் அதன் மாந்தர். கல்லூரி வகுப்பறைக்கு வெளியே அதைப் படித்தவர் எத்தனை பேர்? அத்தகைய நூலைப் பி. யு. சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் கொண்டு படமாக்கலாம், அதைக் காண மக்கள் காசு கொடுத்து வருவர் என்று சுந்தரம் துணிந்தார். சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்று வந்தவர். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய நகரம் நம் மதுரை. இந்நகரத்து நாடக மேடை வளர்த்த குரலுக்கும் உச்சரிப்புக்கும் சேலத்தில் மதிப்பிருந்தது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. ஐம்பெருங்காப்பியங்களுள் மூன்றை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்துத் தந்தார்: சீவக சிந்தாமணி 1887-இல், சிலப்பதிகாரம் 1892-இல், மணிமேகலை 1898-இல். எஞ்சிய இரண்டான குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. உதிரிப் பாடல்களே மிஞ்சின. மாடர்ன் தியேட்டர்ஸ் இரண்டே ஆண்டு இடைவெளியில் படமாக்கியது கிடைக்காமற்போன இந்த இரண்டையும்தான்!

குண்டலகேசியின் கதை, அதனை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் உரை வாயிலாகவே நமக்குக் கிட்டுகிறது. அந்நூலை அ. சக்கரவர்த்தி நயினார் உரையுடன் பதிப்பித்தது 1936-இல். கொலைக்களம் செல்லும் கள்வனை விரும்பி மணந்த வணிகன் மகள், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற அவனை, மும்முறை வலம்வர அனுமதி கேட்டுப் பின்னிருந்து தள்ளிவிடுகிறாள். பின்பு துறவு பூண்டு, வாதில் தோற்று, பௌத்தம் தழுவுகிறாள். இக்கதையின் மையத்தை எடுத்து மு. கருணாநிதி 'மந்திரி குமாரி' நாடகத்தை எழுதினார். 1950-இல் அது படமானபோது எம். ஜி. ஆர். தளபதியாக நடித்தார். ஆயினும் கதையின் உயிர் மாதுரி தேவி ஏற்ற அமைச்சர் மகள் பாத்திரத்திலேயே இருந்தது. இயக்கத்தில் சுந்தரத்தோடு பெயர் பகிர்ந்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். கலிபோர்னியாவில் திரைக்கலை பயின்று 1935-இல் இந்தியா வந்த அமெரிக்கர், தமிழ் அறியாதவர். பௌத்தக் காப்பியம் ஒன்று, சமண நூலின் உரையில் பிழைத்து, பகுத்தறிவு இயக்க எழுத்தாளர் ஒருவரின் வசனமாகி, அமெரிக்கர் ஒருவரின் இயக்கத்தில் திரைக்கு வந்தது.

அந்த மாற்றத்தில் என்ன நேர்ந்தது என்பதை ஆராய்வது நம் துறையின் வேலை. துறவு மறைந்தது. சமய வாதம் மறைந்தது. அதன் இடத்தில் ராஜகுரு என்னும் வில்லன் வந்தான். கள்வன் அவன் மகனானான். சமய நூலின் தத்துவப் பகை 1950-களின் அரசியல் பகையாக உருமாறியது. மலையுச்சிக் காட்சி மட்டும் ஏறத்தாழ அப்படியே நின்றது. ஒரு காப்பியத்தில் காலம் எதை விடும், எதைப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது.

'வளையாபதி' 1952-இல் வந்தது. எழுதியவர் பாரதிதாசன். அவருடைய 'எதிர்பாராத முத்தம்' காவியமும் 1950-இல் 'பொன்முடி' என்ற பெயரில் டங்கனின் இயக்கத்தில் அங்கே படமானது. கண்ணதாசன் அந்நிறுவனத்தின் கதை இலாகாவில் பணிபுரிந்தார். 'இல்லற ஜோதி' (1954) அவ்வழி வந்தது. அரசும் ஆதீனமும் செல்வரும் புரந்த புலவர் மரபு நமக்குத் தெரியும். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு தொழிற்கூடத்தில் தமிழ் எழுதும் புலவர் என்பது அந்த நூற்றாண்டு கண்ட புதுமை. சேலம் அதன் முதன்மையான களங்களுள் ஒன்று.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். சுந்தரம் தமிழ்த் தொண்டு செய்யவில்லை. கிடைத்ததை எல்லாம் எடுத்தார். இரும்பு முகமூடி மனிதன் கதையையும் எடுத்தார், அரபுக் கதையையும் எடுத்தார். அவற்றிடையே குண்டலகேசியும் அகப்பட்டது, அவ்வளவே என்பர். இம்மறுப்பின் முதற்பாதியை நாம் முழுதாக ஏற்கிறோம். அவர் வணிகர்தாம். அதனால்தான் இச்செய்தி நமக்கு முக்கியமாகிறது. பக்தியாலோ மானியத்தாலோ எடுக்கப்பட்ட படங்கள் அல்ல இவை. பழந்தமிழ்க் கதை விலைபோகும் என்று கணக்குப் பார்த்து முடிவு செய்த ஒரு காலத்தின் சான்று. நாம் வாழும் ஆனையூர் இன்று மதுரை மாநகராட்சியின் பகுதி. அன்று மதுரையைச் சுற்றிய இத்தகைய ஊர்களின் மக்களுக்குச் சினிமா என்பது பெரும்பாலும் டூரிங் டாக்கீஸ் கொட்டகைதான். அங்கே மணலைக் குவித்து அமர்ந்து, எழுத்தறியாதவரும் அடுக்குத் தொடர் வசனங்களைக் கேட்டு மனனம் செய்தனர். இலக்கியத் தமிழுக்கு அத்தனை பெரிய அவை அதற்கு முன்பு வாய்த்ததில்லை.

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்த கதை. தொழில் முழுவதும் கோடம்பாக்கத்தில் குவிந்தது. நிறுவனத்தைவிட நட்சத்திரம் பெரிதானது. மாதச் சம்பளம் போய்க் கால்ஷீட் வந்தது. 1963-இல் சுந்தரம் மறைந்தார். அவர் மகன் காலத்தில் ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்' (1966) போன்ற துப்பறியும் படங்கள் சிறிது காலம் பெயரைக் காத்தன. பின்பு தயாரிப்பு நின்றது. வளாகம் குடியிருப்பாக மாறியது. ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் எஞ்சியது. அண்மை ஆண்டுகளில் அவ்வளைவு நிற்கும் இடம் குறித்து எழுந்த சர்ச்சை செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

வளைவு காக்கப்பட வேண்டியதே. ஆனால் நம் கவலை வளைவைப் பற்றியதன்று. 'பாலன்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமுமே அதன் எச்சம். இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் உரியதன்று. யுனிவர்சல் நிறுவனமே தன் கையிலிருந்த மௌனப் படச்சுருள்களை 1948-இல் அழித்தது. ஆயினும் அமெரிக்கர் பிற்பாடு விழித்துக்கொண்டு, 1988-இல் திரைப்படப் பாதுகாப்புக்கெனச் சட்டமே இயற்றினர். இந்தியாவில் 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது. எனினும் அதற்கு முன்பே பல படங்கள் போய்விட்டன. படச்சுருள் போனது ஒருபுறம் இருக்கட்டும். கதை இலாகாவில் எழுதிக் குவித்த தாள்கள் எங்கே? திருத்திய வசனப்படிகள் எங்கே? பாரதிதாசன் எழுதியதற்கும் திரையில் ஒலித்ததற்கும் இடையே அடிக்கப்பட்ட வரிகள் எவை?

குண்டலகேசியும் வளையாபதியும் மறைந்தமைக்கு நாம் ஆண்டுதோறும் வகுப்பில் வருந்துகிறோம். செல்லரித்தது, தீயில் எரிந்தது, ஆற்றில் விட்டது என்று ஏட்டுச்சுவடிகளின் கதையைச் சொல்கிறோம். அதே இரு காப்பியங்களுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த மறுபிறவியின் ஆவணங்கள் நம் கண்ணெதிரே பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நமக்கு வருத்தம் தோன்றுவதில்லை. சினிமாதானே என்ற ஓர் அலட்சியமே காரணம். சிற்றிலக்கியம்தானே என்றும், நாட்டுப்புறப் பாட்டுதானே என்றும் முன்னொரு காலத்தில் சொல்லியவர்களின் குரலும் இதுவே.

செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் பாட்டுப் புத்தகங்களையும் நாடக அறிவிப்புகளையும் சேர்த்து வைத்தார். பிறர் குப்பை என்று கருதியவை அவை. அவர் சேகரிப்பே 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக விளங்குகிறது. தமிழ்த்துறை ஒவ்வொன்றும் தன் மாணவரைக் கொண்டு, தன் வட்டாரத்து வீட்டுப் பரண்களில் கிடக்கும் கதை வசனப் புத்தகங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் திரட்டலாம். முதுகலை மாணவர் ஒருவர் நீலகேசி உரையையும் 'மந்திரி குமாரி' வசனத்தையும் அருகருகே வைத்து ஓர் ஆய்வேடு எழுதலாம். கொட்டகை மணலில் அமர்ந்து அவ்வசனங்களைக் கேட்டவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் நினைவில் இருப்பதைப் பதிவு செய்துகொள்ளலாம். இம்மூன்றினுள் கடைசி வேலைக்கு மட்டும் காலம் காத்திராது.