‘காலம் உறைந்த சிற்றூர்’ என்னும் பொய்

ஐரோப்பிய மாநாடுகளுக்குச் சென்று திரும்பும் நம் ஆய்வாளர்களின் பயணக்குறிப்புகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. மாநாடு முடிந்த மறுநாள் மத்தியதரைக் கடலோரச் சிற்றூர் ஒன்றுக்குப் பேருந்துப் பயணம். வெள்ளைச் சுவர்கள், நீலக் கதவுகள், கரையேற்றிய படகுகள். இறுதியில் ‘மனிதக் கை படாத, காலம் உறைந்த மீனவச் சிற்றூர்’ என்னும் முத்தாய்ப்பு. கீழைத்தேயவியலை வகுப்பறையில் கடுமையாக விமர்சிக்கும் அதே நாவுகள்தாம் இதையும் சொல்கின்றன. இது தீங்கற்ற அழகுணர்ச்சி அன்று. ஓர் ஊரின் வரலாற்றையும் அதன் மொழியையும் ஒருசேர மறைக்கும் செயல் என்பதே என் வாதம்.

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பிரெஞ்சு எல்லைக்கு அருகே, மலைகளுக்கும் கடலுக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் கடக்கேஸை எடுத்துக்கொள்வோம். அதன் மலைச்சரிவுகளில் வரிவரியாகத் தெரியும் கல்வரப்புகள் இயற்கையின் கோலம் அல்ல. திராட்சை பயிரிடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக, சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய படிநிலங்கள் அவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலோக்செரா என்னும் பூச்சி கொடிகளின் வேரைத் தின்று தீர்த்தது. படிநிலங்கள் தரிசாயின. ‘தூய இயற்கை’ என்று நாம் படமெடுப்பது கைவிடப்பட்ட உழைப்பை.

அருகிலுள்ள கிரேயுஸ் முனையின் கதை இன்னும் தெளிவானது. அங்கே 1960களின் தொடக்கத்தில் கிளப் மெட் நிறுவனம் நூற்றுக்கணக்கான கட்டடங்களுடன் ஒரு விடுமுறைக் குடியிருப்பை எழுப்பியது. 1998இல் அம்முனை இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010 அளவில் அக்கட்டடங்கள் பெயர்த்து அகற்றப்பட்டன. இன்று ‘கைபடாத’ நிலமாகத் தோன்றுவது, திட்டமிட்டு மீட்டெடுக்கப்பட்ட நிலம். அக்கடற்கரைக்கு வழங்கும் ‘கோஸ்டா பிராவா’ என்னும் பெயரும் தொல்பழம் பெயர் அன்று; பெர்ரான் அகுல்யோ என்னும் இதழாளர் 1908இல் சூட்டியது.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. ஆங்கிலத்தில் ‘தி’ ஆற்றும் பணியைச் செய்ய, பொதுக் கத்தலான் மொழி ‘எல்’, ‘ல’ ஆகிய சொற்களைக் கொண்டுள்ளது. இவை லத்தீனின் ‘இல்லே’, ‘இல்லா’ என்பவற்றிலிருந்து வந்தவை. கடக்கேஸின் மரபுப் பேச்சோ ‘இப்ஸே’, ‘இப்ஸா’ என்பவற்றிலிருந்து பிறந்த ‘எஸ்’, ‘ஸ’ ஆகியவற்றைக் காத்துவந்தது. மயோர்க்கா முதலிய பலேரிக் தீவுகளில் இன்றும் உயிர்ப்புடன் வழங்கும் இவ்வடிவம், ஒருகாலத்தில் இக்கடலோரத்தில் விரிந்து பரவியிருந்தது. தெற்கே பெகூரின் ‘ஸ தூனா’, ‘ஸ ரியேரா’ என்னும் சிறுகுடாப் பெயர்களில் அதன் தடம் எஞ்சியுள்ளது. பயணி அப்பெயர்ப்பலகைகளுக்கு முன் நின்று படமெடுக்கிறார். ஓர் இலக்கணமே அங்கு நிற்பதை அவர் அறிவதில்லை.

1939 முதல் 1975 வரை, பிராங்கோவின் ஆட்சியில், கத்தலான் மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலிலிருந்தும் விலக்கப்பட்டிருந்தது. அதே ஆட்சிதான் 1960களில் இக்கடற்கரைகளை வெளிநாட்டாருக்கு விற்பனைப் பொருளாக்கியது. தம் மொழியில் எழுதப் படிக்கக் கற்க முடியாத குழந்தைகள் வாழ்ந்த ஊர்களை, அப்போது வந்தோர் ‘அமைதியான ஊர்’ என்று வருணித்துச் சென்றனர். இன்று நாம் இரவல் வாங்கும் சொற்கள் அந்தக் கடையில் கிடைத்தவை.

‘சுற்றுலாதானே அவ்வூருக்குச் சோறு போடுகிறது?’ என்று கேட்கலாம். உண்மைதான், யாரும் போகக் கூடாது என்பதும் என் கட்சி அன்று. வட்டார வழக்கின் தேய்வுக்குச் சுற்றுலா ஒன்றே காரணம் என்றும் சொல்லமாட்டேன். ‘எஸ்’, ‘ஸ’ வடிவங்கள் பின்வாங்கத் தொடங்கியது பயணிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே; தரப்படுத்தப்பட்ட கத்தலானுக்கும் அதில் பங்குண்டு. ஆனால், வீடுகளில் பெரும்பகுதி வெளியூராரின் கோடை இல்லங்களாகிவிட்ட ஓர் ஊரில், பாட்டியின் பேச்சைக் கேட்டு வளரப் பேரப்பிள்ளைக்கு அதே தெருவில் இடம் வேண்டும். வாடகைக்கும் வட்டார வழக்குக்கும் இடையிலுள்ள இவ்வுறவைப் பேசாமல், ‘மொழிகள் இயல்பாகவே மடிகின்றன’ என்று எழுதுவது ஆய்வு ஆகாது. காலம் உறைந்ததாக நாம் வருணிக்கும் ஊரில், வாடகை மட்டும் உறையவில்லை.

நம் கடலோரக் குப்பம் ஒன்றைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இதே சொற்களை எழுதியிருந்தால், எத்தனை கண்டனக் கட்டுரைகள் வந்திருக்கும்! பார்க்கப்படுபவர் ஐரோப்பியர் என்பதால் நம் பார்வை குற்றமற்றதாகிவிடாது.

ஆகவே, மொழியும் பண்பாடும் பயில்வோரிடம் என் கோரிக்கை எளியது. போங்கள், கடலைப் பாருங்கள், படமும் எடுங்கள். எழுத உட்காரும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: அவ்வூரார் தம் குடாக்களை எம்மொழியில் பெயரிட்டழைக்கின்றனர்? அந்தக் கல்வரப்புகளைக் கட்டியவர் யார்? குளிர்காலத்தில் எத்தனை வீடுகளில் விளக்கெரிகிறது? இவற்றுக்கு விடை தெரியாத வரையில், ‘கைபடாத’ என்னும் சொல்லை உங்கள் கை தொடாதிருக்கட்டும்.