விராலுக்கு ஏற்ற ரப்பர் தவளை

உத்திரமேரூர், பெருநகர் பக்கத்து ஏரிகளில் பாஸ் மீன் கிடையாது. அதே வேட்டைக் குணத்தோடு விரால் இருக்கிறது. பாஸுக்காக அமெரிக்காவில் உருவான மென்பிளாஸ்டிக் இரைகள் இதற்கும் பொருந்துகின்றன. 1949இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் மண்புழு அவற்றுக்கெல்லாம் முன்னோடி.

விரால் காற்றைச் சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். கோரை, ஆகாயத்தாமரை ஓரம் பதுங்கியிருந்து, மேலே துள்ளும் தவளையைப் பாய்ந்து கவ்வும். அதனால் உள்ளீடற்ற ரப்பர் தவளையே முதல் தேர்வு. இரட்டை முள் அதன் முதுகோடு ஒட்டியிருப்பதால் செடியில் சிக்காது. மீன் கடித்து உடல் அமுங்கினால்தான் முள் வெளிப்படும். செடிக்குள்ளிருந்து இழுக்க வேண்டும் என்பதால், ஆறரை அல்லது ஏழடியில் விறைப்பான ராடும் பின்னல் நரம்பும் அவசியம். ரீலில் பணத்தைக் கொட்ட வேண்டாம். சாதாரண ஸ்பின்னிங் ரீலே போதும்.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்துவதைவிட ரப்பர் தவளை எவ்வளவோ மேல். ஆனால் அறுந்து விழும் பிளாஸ்டிக் ஏரியில் மட்காது.

இன்னொன்று முக்கியம். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காக்கும் தாய்விராலும் தந்தைவிராலும் அருகில் வரும் எதையும் தாக்கும். அங்கே தவளையை வீசுவது சுலபமான வேட்டை, பெருந்தவறும்கூட. காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

பராந்தக சோழன் காலத்திலேயே ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்த ஊர் உத்திரமேரூர். ஏரிக்கு அன்றே ஒழுங்கு வகுத்த இங்கே தூண்டில் போடுமுன், மீன்பாசி எனும் மீன்பிடி உரிமையை ஏலம் எடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள். குஞ்சோடு திரியும் விராலை விட்டுவிடுங்கள். கிழிந்த ரப்பரை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.